உருகுவேயில் நடக்கும் கவுச்சோ குதிரைத் திருவிழா உண்மையான பாரம்பரியமா, சுற்றுலாவுக்காகப் போடும் வேடமா? மார்ச் மாதம் அங்கே இருப்பேன், போகலாமா?

கட்டாயம் போங்கள். ஆனால் 'வேடம்' என்ற சொல்லை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வேலை விஷயமாகத் தலைநகர் மான்டெவிடியோ போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். மென்பொருள் வேலை, 2016 முதல் 2018 வரை. என் குழுவில் வடக்கே தகுவரெம்போ ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். கவுச்சோ என்றால் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் குதிரையில் மாடு மேய்ப்பவர். நீங்கள் கேட்கும் 'பத்ரியா கவுச்சா' திருவிழா அவன் ஊரில்தான் 1987 முதல் நடக்கிறது. 2018 பிப்ரவரியில் அவன் அதற்கு விடுப்பு கேட்டபோது, எங்கள் மேலாளர் எல்லார் முன்னாலும், "வேடம் கட்டிக்கொண்டு குதிரை ஏறப் போகிறாயா?" என்று கேட்டுச் சிரித்தார். அவரும் அந்த நாட்டுக்காரர்தான், ஆனால் தலைநகரத்தில் பிறந்து வளர்ந்தவர். நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகரிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கிராமப்புறத்துக்காரர்கள் என்றால் ஓர் இளக்காரம். பையனும் கூடச் சிரித்துவிட்டான். சாப்பிடும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "என் அப்பாவுக்கு வேறு உடுப்பே கிடையாது."

அந்த வாரக் கடைசியில் நானும் அவனோடு பஸ் ஏறிவிட்டேன். ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 390 கிலோமீட்டர். வழி நெடுக மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, மாடு, மறுபடி புல்வெளி. மனிதர்கள் 35 லட்சத்துக்குள், மாடுகள் ஒரு கோடிக்கும் மேல் என்று புத்தகத்தில் படித்தால் மனதில் பதியாது. அந்தச் சாலையில் ஒரு தரம் போனால் போதும்.

திருவிழா என்றால் குதிரை துள்ளுவதும் ஆள் விழுவதும்தான் என்று நினைத்துப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி 'லகுனா தே லாஸ் லவந்தேராஸ்' ஏரிக்கரையில் இருக்கிறது. 'அபார்செரியா' என்று சொல்லும் நாட்டுப்புறச் சங்கங்கள் அங்கே பழங்காலக் குடிசைகளைக் கட்டுகின்றன. மண், மரம், வைக்கோல், மாட்டுத்தோல் இவைதான் பொருள். ஒவ்வொரு குடிசைக்குள்ளும் பழைய காலத்து வாழ்க்கை அப்படியே இருக்கும்: அடுப்பு, படுக்கை, சேணம் தொங்கும் ஆணி வரை. நடுவர்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நாங்கள் போன அன்று நண்பனின் அப்பா சேர்ந்திருந்த சங்கம் கூரை போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. வைக்கோல் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து மேலே நீட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் நீட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை நண்பனின் அப்பா என்னை உட்காரவைத்து, மாத்தே என்ற இலைப் பானத்தைக் கொடுத்தார். அவருக்கு அப்போது 68 வயது. பண்ணைகளில் மாடு ஓட்டியே வாழ்ந்தவர். அவர் பேசிய ஸ்பானிய மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது, மகன் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தான். கவுச்சோ என்பது ஒரு காலத்தில் வசைச்சொல்லாம். வீடு வாசல் இல்லாமல் திரிகிறவன், மாடு திருடுகிறவன் என்ற அர்த்தத்தில். 1870களில் கம்பிவேலி வந்தது. 1875இல் நாட்டுப்புறச் சட்டமும் வந்தது, வேலி எங்கும் பரவியது. திறந்த வெளியில் குதிரையில் சுற்றியவன் ஒரே தலைமுறையில் அடுத்தவன் நிலத்துக் கூலியாள் ஆனான். "அப்புறம்தான் எங்களைப் பற்றிக் கவிதை எழுத ஆரம்பித்தார்கள்" என்றார் பெரியவர். இப்போதோ, பலன் எதிர்பார்க்காமல் ஒருவருக்குச் செய்யும் உதவிக்கு அந்த ஊர் மொழியில் 'கவுச்சாதா' என்றே பெயர். தலைநகரத்து ஆள்கூட "எனக்கு ஒரு கவுச்சாதா செய்வாயா?" என்றுதான் கேட்பார். எங்கள் மேலாளர் வாயிலிருந்தே அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மார்ச்சில் திருவிழா தொடங்கும்போது மறுபடி போனேன். இங்கே ஒரு வயிற்றெரிச்சல். ஒன்றரை மாதம் முன்பே முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதிக்காரர், மூன்று நாள் இருக்கும்போது "அறை இல்லை" என்று செய்தி அனுப்பிவிட்டார். அதே அறை இரண்டு மடங்கு விலைக்கு இணையத்தில் இருந்ததை நானே பார்த்தேன். முன்பணம் திரும்ப வரவே இல்லை. அதனால் கூடாரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏரிக்கரையில் நிறையப் பேர் அப்படித்தான் தங்குகிறார்கள். எனக்கு அந்த முகாமில்தான் இடம் கிடைத்தது. இரவு மழை பிடித்தது. என் கூடாரம் ஒழுகியது, குடிசைக்குள் ஓடினேன். நான் வைக்கோல் எடுத்து நீட்டிய கூரை ஒரு சொட்டு விடவில்லை. அன்று எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்ல!

சனிக்கிழமை ஊர்வலம். ஆயிரக்கணக்கான குதிரைகள் ஊருக்குள் வரும். நடக்கக் கற்றுக்கொண்ட வயதுக் குழந்தைகள்கூடத் தாத்தாவுக்கு முன்னால் சேணத்தில் உட்கார்ந்து வரும். பெரியவர் போட்டிருந்தது அதே தொளதொளத்த பொம்பாச்சா கால்சட்டை, அதே தட்டைத் தொப்பி. கூடுதலாகக் கழுத்தில் சுத்தமான கைக்குட்டை, இடுப்பில் அவர் அப்பா விட்டுப்போன வெள்ளிப் பட்டை. அவ்வளவுதான் அலங்காரம். மகன் கொஞ்சம் பின்னால் வந்தான். அலுவலகத்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பவன் அங்கே முதுகை நிமிர்த்தி வந்தான்.

இனி மிருகவதை பற்றி. இதை எழுதினால் யாராவது கேட்பார்கள் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரங்கத்தில் நடக்கும் துள்ளும் குதிரைப் போட்டியில், குதிரையைக் கம்பத்தில் கட்டி, கண்ணை மறைத்து, ஆள் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். குறித்த சில விநாடிகள் தாக்குப்பிடித்தால் மணி அடிக்கும். பக்கத்தில் வரும் இரண்டு குதிரைவீரர்கள் ஆளைத் தூக்கிக்கொள்வார்கள். குதிமுள்ளும் சாட்டையும் உண்டு. ஒரு குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்து, எழுந்திருக்க நேரமானது. எனக்கு வயிறு கலங்கி எழுந்து வந்துவிட்டேன். விலங்கு நல அமைப்புகள் இதை எதிர்க்கின்றன, அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓர் அரங்கத்தை வைத்து ஏரிக்கரை முழுவதையும் தள்ளிவிடாதீர்கள். நான் அதன் பிறகு அரங்கத்துப் பக்கம் போகவில்லை, திருவிழாவை விட்டும் போகவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத இன்னொன்றும் சொல்கிறேன். உருகுவேயில் இருந்தேன் என்றால் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஏன், அமெரிக்கா கிடைக்கவில்லையா?" என்பதுதான். ஏழு வருடமாகக் கேட்டுக் கேட்டு மனம் புண்ணாகிவிட்டது. என்னை மகன் மாதிரி நடத்திய ஒரு குடும்பம் அந்த ஊரில் இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பேச்சை விசாவுக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பஸ் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். குடிசைக்குள் போகும் முன் வாசலில் நின்று கேளுங்கள், படம் எடுக்கும் முன்னும் கேளுங்கள். சைவமா என்று நீங்கள் சொல்லவில்லை. சைவம் என்றால் கவனம்: எல்லாரும் நீட்டும் 'தோர்த்தா ஃப்ரீத்தா' பார்க்க நம் பூரி மாதிரிதான் இருக்கும், ஆனால் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் அங்கே வழக்கம். பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்தே வெறும் இலையும் வெந்நீரும்தான். அதை யார் நீட்டினாலும் வாங்கிக் குடியுங்கள்.