மந்த காலத்தில் வெளிவரும் வளர்ச்சிக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கொரோனா ஆண்டான 2020-21இன் ஜிடிபி (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி மதிப்பு) கணக்கைச் சுற்றியே பெரும்பாலான கேள்விகள் வந்திருப்பதால், அந்த ஆண்டை மையமாக வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2020-21இல் பொருளாதாரம் 7.3 சதவீதம் சுருங்கியது என்றார்கள். பிறகு 6.6 என்றார்கள். கடைசியில் 5.8 என்றார்கள். எண்ணை இப்படி மாற்றிக்கொண்டே போவது மோசடி இல்லையா?

மூன்றுமே அதிகாரப்பூர்வ எண்கள்தான். 7.3 என்பது 2021 மே மாதம் வந்த தற்காலிக மதிப்பீடு, 6.6 என்பது 2022 ஜனவரியிலும் 5.8 என்பது 2023 பிப்ரவரியிலும் வந்த திருத்திய மதிப்பீடுகள். முதல் எண்ணைக் கணக்கிடும்போது கையில் இருப்பவை பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள், தொழில் உற்பத்திக் குறியீடு, வரி வசூல் போன்றவை மட்டுமே. மற்ற கம்பெனிகளின் ஆண்டுக் கணக்குகளும், தொழிற்சாலைகள் ஆய்வும், மாநில அரசுகளின் இறுதிக் கணக்கும் வந்து சேர ஓரிரு ஆண்டுகள் ஆகும். எனவே திருத்தம் நடப்பதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவிலும் பெரிய திருத்தம் நடந்தது. 2008இன் கடைசிக் காலாண்டில், ஆண்டு வீதக் கணக்கில் (அதே வேகம் ஓராண்டு நீடித்தால் என்ற கணக்கில்), பொருளாதாரம் 3.8 சதவீதம் சுருங்கியதாக 2009 ஜனவரி இறுதியில் அறிவித்தார்கள். அடுத்த மாத இறுதியில் அது 6.2 ஆனது, 2011இல் 8.9 ஆனது. 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டது 2009 பிப்ரவரி 17 அன்று. அப்போது மேசைமேல் இருந்த எண் 3.8 மட்டுமே. இன்னும் வராத மாதங்களின் விவரங்களைப் பழைய போக்கை ஒட்டி ஊகித்து நிரப்புவது பல நாட்டுப் புள்ளியியல் அலுவலகங்களின் வழக்கம். போக்கு சட்டென்று முறியும் நேரத்தில் அந்த ஊகம் தவறிப்போகிறது. அதாவது, எண் மிக அவசரமாகத் தேவைப்படும் வேளையில்தான் அதன் பலவீனமும் அதிகமாக இருக்கிறது.

கேள்வி: நான் திருப்பூர். 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்கள் தெருவில் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பாதி திறக்கவே இல்லை. அதே காலாண்டில் உற்பத்தித் துறை 0.6 சதவீதம் வளர்ந்தது என்று வெளியிட்டார்கள். இது எப்படி?

மிக முக்கியமான கேள்வி இது. ஜிடிபி கணக்கில் உற்பத்தித் துறையின் அளவு என்பது விற்றுமுதல் அல்ல. விற்ற தொகையிலிருந்து வெளியே வாங்கிய மூலப்பொருள், சேவை ஆகியவற்றின் செலவைக் கழித்தபின் நிற்கும் மதிப்புக் கூட்டல். அந்தக் காலாண்டில் பெரிய நிறுவனங்களுக்கு விற்பனை குறைந்தாலும் செலவு அதைவிட அதிகமாகக் குறைந்ததால் லாபம் உயர்ந்தது. அதனால்தான், ஆலைகளிலிருந்து வெளிவந்த பொருளின் அளவைச் சொல்லும் தொழில் உற்பத்திக் குறியீடு அதே மாதங்களில் இறங்கியிருந்தும், மதிப்புக் கூட்டல் சற்றே ஏறியதாக வந்தது.

உங்கள் தெருவின் நிலை அந்தக் கணக்கில் ஏன் தெரியவில்லை என்பது அடுத்த விஷயம். அமைப்புசாரா யூனிட்டுகளைப் பற்றி அப்போது காலாண்டுக்கு ஒருமுறை நேரடித் தகவல் திரட்டும் ஏற்பாடு கிடையாது. 2010-11இல் நடந்த ஒரு கணக்கெடுப்பை அடித்தளமாக வைத்து, பதிவு பெற்ற ஆலைகளின் போக்கைக் காட்டும் குறியீடுகளைக் கொண்டே சிறு யூனிட்டுகளின் போக்கையும் மதிப்பிட்டார்கள். பெரியதும் சிறியதும் சேர்ந்து ஏறி இறங்கும் சாதாரண ஆண்டுகளில் இந்த முறை ஓரளவு ஒப்பேறிவிடும். ஆனால் சிறு யூனிட் மூடியதால் அதன் ஆர்டர் பெரிய ஆலைக்குப் போகும்போது, பெரிய ஆலையின் ஏற்றம் கணக்கில் வருவதோடு, மூடிக்கிடக்கும் யூனிட்டும் அதே வேகத்தில் ஏறியதாகப் பதிவாகிவிடுகிறது. சிறு யூனிட்டின் வீழ்ச்சி மறைவதோடு, இல்லாத ஏற்றமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அந்த ஆண்டில் உழைக்கும் மக்கள் பட்ட அடி, தலைப்புச் செய்தியில் வந்த ஜிடிபி எண் காட்டுவதைவிடப் பெரியது என்றே நான் கருதுகிறேன். அதற்கான தடயங்கள் அரசின் வேறு ஏடுகளிலேயே இருக்கின்றன. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2019-20இல் சுமார் 265 கோடி மனித நாட்கள் பதிவாகியிருந்தன. அடுத்த ஆண்டு அது 389 கோடியானது. மொத்த வேலையாட்களில் விவசாயத்தை நம்பியிருப்போரின் பங்கு 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்தது, 2020-21இல் 46.5 ஆனது. வேறு வழி இருந்தவர்கள் இப்படி வயலுக்குத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஊரடங்கில் தகவலே திரட்ட முடியாதபோது கணக்கு எப்படிப் போட்டார்கள்?

குறையுள்ள தகவலை வைத்துத்தான். 2020 மார்ச் 19 முதல் கடைகளுக்கு நேரில் சென்று விலை விசாரிப்பது நிறுத்தப்பட்டது. இந்தச் சிக்கல்களையும், மதிப்பீடு பின்னால் திருத்தப்படும் என்பதையும், ஏப்ரல்–ஜூன் காலாண்டின் ஜிடிபியை வெளியிட்ட 2020 ஆகஸ்ட் 31 அறிக்கையே வெளிப்படையாகச் சொன்னது. அன்று சொன்ன 23.9 சதவீத வீழ்ச்சி பிறகு 24.4 ஆனது.

கேள்வி: அடுத்த ஆண்டே 20.1 சதவீத வளர்ச்சி என்று கொண்டாடினார்களே?

ரூபாயில் பாருங்கள். விலை உயர்வை நீக்கிய கணக்கில் ஏப்ரல்–ஜூன் காலாண்டின் ஜிடிபி 2019இல் 35.66 லட்சம் கோடி, 2020இல் 26.95 லட்சம் கோடி, 2021இல் 32.38 லட்சம் கோடி. 20.1 என்பது சரியான எண்தான். ஆனால் அந்த வளர்ச்சிக்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அளவைவிட நாம் 9 சதவீதம் கீழேதான் நின்றோம்.

கேள்வி: அப்படியானால் அரசியல் தலையீடே இல்லை என்கிறீர்களா?

இல்லை, அப்படிச் சொல்ல மாட்டேன். 2017-18இன் வேலைவாய்ப்பு ஆய்வறிக்கை வெளியிடப்படாமல் இருந்ததை முன்வைத்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவரும் மற்றொரு உறுப்பினரும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்ன அந்த அறிக்கை, மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகே வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், குடும்பச் செலவு ஆய்வின் முடிவுகளைத் தரக் குறைபாட்டைக் காரணம் காட்டி வெளியிட மறுத்தார்கள். குறை இருந்தால் குறையோடு வெளியிட்டு, அது என்ன குறை என்று ஆய்வாளர்கள் சோதிக்க விட்டிருக்க வேண்டும். ஒரு அறிக்கையைப் பூட்டி வைத்தால், நேர்மையாகத் தயாரித்த மற்ற பத்து அறிக்கைகளின் மீதும் சந்தேகம் விழுகிறது.

ஆனாலும் முடிவை மறைப்பது வேறு, எண்ணையே புனைவது வேறு. அர்ஜென்டினா 2007 முதல் விலைவாசிக் கணக்கைக் குறைத்துக் காட்டியதாகக் கடும் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, 2013இல் சர்வதேச நாணய நிதியத்தின் கண்டனத்தையே பெற்றது. நம் 2020-21 கணக்கில் நான் காணும் முதன்மையான கோளாறு, சிறு தொழிலை நேரில் பார்க்காமல் ஊகித்த முறை.

கேள்வி: சாதாரண வாசகர் எதைப் பார்ப்பது?

முதல் மதிப்பீட்டின் தசம இலக்கத்தைப் பற்றி வாதாட வேண்டாம். திசையையும் ஏறத்தாழ அளவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு மின் நுகர்வு, இருசக்கர வாகன விற்பனை, கிராமப்புறக் கூலி, அரசின் கிராமப்புற வேலைத் திட்டத்தில் வேலைக்கான கோரிக்கை ஆகியவற்றையும் பக்கத்தில் வையுங்கள். ஜிடிபி ஏறி இவை எல்லாம் இறங்கினால், யாருடைய வருமானம் ஏறியது என்று கேளுங்கள்.

கேள்வி: அந்த 2010-11 கணக்கெடுப்பையே இன்னும் நம்பியிருக்கிறோமா?

2021-22 முதல் பதிவு பெறாத தொழில் நிறுவனங்களுக்கென ஆண்டுதோறும் தனிக் கணக்கெடுப்பு நடக்கிறது. திருப்பூர் யூனிட்டைப் போன்றவற்றுக்கு நேரில் சென்று, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்ன வருமானம் என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். உங்கள் வாசலுக்கு அந்தக் களப்பணியாளர் வந்தால், வரி அதிகாரியோ என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.