நஷ்டத்தில் ஓடும் அரசு விமான நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் வளருமா?

கொடுத்த கையோடு வளர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அரசா, தனியாரா என்பதற்கு முன் அந்த நிலையத்துக்கு எத்தனை பயணிகள் வருகிறார்கள் என்று பார்ப்பேன்.

ஒரு நாளில் இரண்டே விமானங்கள் இறங்கினாலும் ஓடுதளத்தைப் பராமரிக்க வேண்டும், தீயணைப்பு வண்டி தயாராக நிற்க வேண்டும், பாதுகாப்புப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 2 லட்சம் பயணிகள்கூட வராத நிலையங்களால் அன்றாடச் செலவையே பெருமளவு ஈடுகட்ட முடியாமல் போகலாம் என்கிறது ஐரோப்பிய ஆணையத்தின் 2014 வழிகாட்டுதல். உரிமையாளர் மாறுவதால் இந்தக் கணக்கு மாறாது.

வேல்ஸின் கார்டிஃப் நிலையம் 1995இல் தனியார் கைக்குப் போனது. 2007இல் 20 லட்சமாக இருந்த பயணிகள் 2012இல் ஏறத்தாழ பாதியாகிவிட்டார்கள். 2013இல் வேல்ஸ் அரசு 5.2 கோடி பவுண்டு கொடுத்து அதைத் திரும்ப வாங்கியது. அதே ஆண்டு, மூடப்படும் அபாயத்திலிருந்த பிரெஸ்ட்விக் நிலையத்தை ஸ்காட்லாந்து அரசு ஒரே ஒரு பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. லாபம் இருந்த காலத்தில் ஒருவர் நடத்துவார், நஷ்டம் வந்ததும் அது மக்கள் தலையில் இறங்கும். இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

கிரீஸில் பலன் கிடைத்தது உண்மை. ரோட்ஸ், கோர்ஃபு, சாண்டோரினி உட்பட 14 நிலையங்களை 2017இல் ஜெர்மனியின் விமான நிலைய நிறுவனமான ஃபிராபோர்ட் தலைமையிலான கூட்டமைப்பு 40 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. முன்பணம் மட்டும் 123 கோடி யூரோ. 2021 தொடக்கத்துக்குள் புதிய முனையங்களும் விரிவாக்கங்களும் முடிந்தன. ஆனால் அவை சுற்றுலாப் பயணிகள் குவியும் இடங்கள். கூட்டம் வராத 20க்கும் மேற்பட்ட சிறு நிலையங்கள் அரசிடமே தங்கிவிட்டன. கொழுத்தவற்றின் வருமானத்தில் மெலிந்தவற்றைக் காப்பாற்றும் வழி இப்படித்தான் அடைபடுகிறது.

பிரேசில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 ஏலத்தில் சாவோ பாலோ நகரின் கூட்டம் மிகுந்த கொங்கோன்யாஸ் விமான நிலையம் வேண்டுமென்றால் மேலும் 10 நிலையங்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று கட்டிவைத்தார்கள். ஸ்பெயினின் விமான நிலைய நிறுவனமான ஏனா அப்படியே எடுத்தது.

எனவே கொடுப்பதென்றால் கொத்தாகக் கொடுங்கள். எந்தப் பணி எந்த ஆண்டுக்குள் முடிய வேண்டும், முடியாவிட்டால் அபராதம் எவ்வளவு, குத்தகைதாரர் பாதியில் விலகினால் மறுநாள் காலை ஓடுதள விளக்கைப் போடப்போவது யார் என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.