அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). டெல்லிப் புகையில் மூச்சுத் திணறியதால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மெஷினை நிமிடத்துக்கு 5 லிட்டரில் வைத்தோம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டுகிறது, ஆனால் ஓயாமல் தூங்குகிறார், மூச்சும் மெதுவாகிவிட்டது. ஏன்?

எழுப்பினால் தெளிவாகப் பேசவில்லை என்றால் மேற்கொண்டு படிக்காதீர்கள். 112-ஐ அழையுங்கள்.

மீட்டர் காட்டுவது ஆக்சிஜனை மட்டும். கார்பன் டை ஆக்சைடு ஏறுவது அதில் தெரியாது. அதற்கு ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனைதான் வழி. கார்பன் டை ஆக்சைடின் இயல்பு அளவு 35 முதல் 45 mmHg. காலைத் தலைவலி, குழப்பம், நீட்டிய கை படபடவென்று ஆடுவது எல்லாம் அது ஏறியதற்கான அடையாளங்கள்.

மூச்சின் தாளம் பிறப்பது மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில், ப்ரீ-போட்ஸிங்கர் என்ற சின்னஞ்சிறு நரம்புச் செல் கூட்டத்தில். ஜெஃப்ரி ஸ்மித்தும் ஜாக் ஃபெல்ட்மேனும் சகாக்களும் 1991-ல் எலிக்குட்டிகளின் மூளைத்தண்டில் இதை இனங்கண்டார்கள். இந்தச் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் மூலம் ஒன்றையொன்று தூண்டி, ஒன்றாகத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பு கழுத்துத் தண்டுவடம் வழியாக உதரவிதானத்துக்குப் போகிறது. வேகத்தை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான். அது ஏறும்போது மூளைத் திரவத்தில் அமிலம் கூடுவதை முகுளத்தின் அடிப்பக்கச் செல்கள் உணர்ந்து தாளத்தை முடுக்கும். நாள்பட்ட சிஓபிடியில் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து அமிலத்தைச் சரிக்கட்டிவிடுவதால் அந்த உணர்வு மழுங்கிப் போகிறது.

'ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு விடும் தூண்டுதல் போய்விடும்' என்று சொல்வது பாதி உண்மைதான். காற்று சரியாகப் போகாத நுரையீரல் பகுதிகளில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். மிகை ஆக்சிஜன் அவற்றைத் திறந்துவிட, ரத்தம் அங்கே வீணாக ஓடுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடுகிறது. நல்ல நுரையீரல் வேகமாக ஊதி அதை வெளியேற்றிவிடும். உங்கள் அப்பாவால் முடியாது.

ஆக்சிஜனை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சட்டென்று கழற்றினால் முன்பிருந்ததைவிடக் கீழே விழும், அது இன்னும் ஆபத்து. இப்படிப்பட்ட சிஓபிடி நோயாளிகளுக்கு மீட்டரில் இலக்கு 88 முதல் 92. மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டே படிப்படியாகக் குறையுங்கள். பலருக்கு மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரே போதும். பிறகு இன்றே ஏபிஜி.

தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் ஏதாவது கொடுத்தீர்களா? ப்ரீ-போட்ஸிங்கர் செல்களில் ஓபியாய்டு (கோடீன், டிரமடால் வகை மருந்து) ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. கோடீன் அங்கே போய்த் தாளத்தையே மந்தமாக்கும். டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

நவம்பர் வந்தால் மெஷினை வாடகைக்கு விடும் சில கடைகள், 'நம்பர் குறைஞ்சா அஞ்சுல வைங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. மெஷினை வைக்க வந்தவருக்கு, நோயாளிக்கு என்ன நோய் என்றுகூடத் தெரியாது. எத்தனை லிட்டர், எந்த நம்பருக்குள் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி மெஷின் மேலேயே ஒட்டிவையுங்கள்.