சி டிரைவ் நிறைந்துவிட்டதா? பேக்கப், ரெக்கவரி ஃபைல்கள் பற்றிய கேள்வி பதில்

தலவாக்கலையில் இருந்து உயர்தர மாணவி: அண்ணா, லெப்டொப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. 'வின்டோஸ் டொட் ஓல்ட்' என்ற போல்டர் மட்டும் 20 ஜிபிக்கு மேல் இருக்கிறது. அழிக்கலாமா?

அழிக்கலாம் தங்கச்சி. பெரிய அப்டேட் வரும்போது பழைய வின்டோஸை அந்தப் போல்டரில்தான் ஒதுக்கி வைப்பார்கள். புதியது சரிவராவிட்டால் திரும்பிப் போக 10 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் பெரும்பாலும் தானாகவே போய்விடும். இப்போதே இடம் வேண்டுமென்றால் போல்டரை நேரடியாக டிலீட் செய்யப் பார்க்காதீங்க, விடாது. வின்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் கிளீன்அப்' கருவியைத் திறந்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தி, 'பிரீவியஸ் வின்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதில் டிக் போடுங்க. கடையில் கொடுத்து வின்டோஸ் போட்ட லெப்டொப் என்றால், முதலில் அந்தப் போல்டருக்குள் 'யூசர்ஸ்' திறந்து பாருங்க. பழைய நோட்ஸ், படங்கள் அங்கேயே கிடக்கலாம். செட்டிங்ஸில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' பக்கம் போனால் 'டவுன்லோட்ஸ்' டிக்கை மட்டும் தொடாதீங்க; இறக்கி வைத்த கடந்தகால வினாத்தாள் எல்லாம் போய்விடும்.

மஸ்கெலியா, தோட்ட அலுவலகம்: செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவேடு) கணக்குப் பார்க்கும் கம்பியூட்டர். ரெஸ்டோர் பொயின்ட் 30 ஜிபி பிடித்திருக்கிறது. மொத்தமாக நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் ஐயா, அளவைக் குறையுங்கள். வின்டோஸ் பழுதானால் முந்திய நிலைக்குத் திரும்ப உதவுவது அந்த ரெஸ்டோர் பொயின்ட்தான். 'சிஸ்டம் புரொடெக்ஷன்' போய் 'கொன்ஃபிகர்' அழுத்தினால் 'மேக்ஸ் யூசேஜ்' என்று, இழுத்து அளவு மாற்றும் ஒரு கோடு வரும். 256 ஜிபி டிஸ்க்கில் 3 சதவீதம் வைத்தால் 7 ஜிபி அளவில் நிற்கும், பழைய பொயின்ட்கள் தானாகக் கழியும். பக்கத்திலுள்ள 'டிலீட்' எல்லாப் பொயின்ட்டையும் அழித்துவிடும், கவனம்.

இதைவிட முக்கியமான ஒன்று. ரெஸ்டோர் பொயின்ட் காப்பது வின்டோஸின் சொந்த ஃபைல்களையும் டிரைவர்களையும் செட்டிங்ஸையும்தான். உங்கள் எக்செல் கணக்கு அழிந்தால் அது திருப்பித் தராது. 30 ஜிபி இருக்கிறதே, கணக்கு பத்திரம் என்று தயவுசெய்து நம்பியிருக்காதீங்க. கணக்குக்குத் தனிப் பிரதி வேண்டும். அதுவும் அதே மேசை லாச்சியில் வைக்கும் பென் டிரைவ் போதாது. மண்சரிவு எச்சரிக்கை வந்து இரவோடு இரவாக இறங்கச் சொன்னால் யார் அதைத் தேடி எடுப்பது? ஒரு பிரதி டவுனில் உள்ள நம்பிக்கையான இடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் கூகுள் டிரைவில் போடுங்கள்.

பண்டாரவளை, ஆசிரியை: 'ஃபைல் ஹிஸ்டரி' போட்ட வெளி ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. புதிது வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம் டீச்சர். ஃபைல் ஹிஸ்டரி உங்கள் ஃபைல்களைத் தானாகப் பிரதி எடுத்து வைக்கும் வின்டோஸ் வசதி. ஒரே பாடக்குறிப்பை நீங்கள் திருத்தித் திருத்திச் சேமிக்க, ஒவ்வொரு திருத்தமும் அங்கே தனிப் பிரதியாகச் சேர்ந்திருக்கும். கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரி, 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்', 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்'. ஒரு வருடத்துக்கு முந்தியவை என்று தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஃபைலிலும் கடைசிப் பிரதி மிஞ்சும்.

ஹட்டன், கொமினிகேஷன் கடை: அண்ணே, கஸ்டமர்களின் ஐபோன் பேக்கப் கடை கம்பியூட்டரில் குவிந்து கிடக்கிறது.

ஐடியூன்ஸ், 'பிரிஃபரன்சஸ்', 'டிவைசஸ்' போய் ஒவ்வொன்றாக அழிக்கலாம் தம்பி. ஆனால் போனுக்குரியவரிடம் கேட்டுவிட்டு அழிங்க. போன் தொலைந்தவருக்கு பிள்ளைகளின் படம் அதில் மட்டும்தான் இருக்கலாம்.

நானுஓயா: டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் 600 எம்பி 'ரெக்கவரி' பகுதி தெரிகிறது. எடுத்துவிடவா?

விட்டுவிடுங்க. வின்டோஸ் திறக்காமல் நின்றால் பழுது பார்க்கும் கருவிகள் அதற்குள்தான் இருக்கின்றன. 600 எம்பியில் உங்களுக்கு எதுவும் மிச்சமாகாது.