பால்குடிப் பிள்ளைகளின் வயிறு: கேள்வி பதில்

குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதோடு சேர்த்துப் பதில் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கும்பகோணம் பக்கம் குழந்தை மருத்துவம் பார்க்கிறவள் நான். பிள்ளையை நேரில் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், அதை மட்டும் கேட்காதீர்கள்.

பையனுக்கு 8 மாசம். ரோட்டா சொட்டு மருந்து மூணு தவணையும் போட்டாச்சு. அப்படியும் பேதியாகி ட்ரிப்ஸ் ஏத்துற வரைக்கும் போயிடுச்சு. அப்புறம் அந்த மருந்து எதுக்கு டாக்டர்? (வலங்கைமான், ஒரு அம்மா)

உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் பேதிக்கு ரோட்டா வைரஸ் மட்டுமே காரணமில்லை. நோரோ, அடினோ, ஷிகெல்லா என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உங்கள் பையனுக்கு வந்தது எது என்று மலத்தைச் சோதித்திருந்தால்தான் தெரியும்.

ரோட்டாவாகவே இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இந்த வைரஸை 1973-ல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், பேதியால் படுத்திருந்த குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் கண்டுபிடித்தார்கள். 1996-ல் மெக்சிகோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு முறை இந்தத் தொற்று வந்துபோன குழந்தைக்கு அதன் பிறகு கடுமையான ரோட்டா பேதி வரவே இல்லை என்றது. எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. அதே கேள்வியை நம் வேலூரில் சி.எம்.சி. குழுவினர் கேட்டார்கள். அங்குள்ள குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. மூன்று முறை தொற்று வந்த பிறகும், மிதமான அல்லது கடுமையான பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

ஒரே வைரஸ், ஆனால் மெக்சிகோவுக்குச் சரியான கணக்கு வேலூருக்குச் சரிவரவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பிறந்த சில வாரங்களிலேயே பலவிதக் கிருமிகளைச் சந்தித்துவிடுகிறார்கள். வெளியே நோய் தெரியாவிட்டாலும் சிறுகுடலின் உட்சுவர் மெல்ல நைந்துபோகிறது. வாய்வழி போடும் எந்தத் தடுப்பு மருந்தும் அந்தக் குடலில் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை.

நம் நாட்டிலேயே உருவான ரோட்டாவாக் மருந்தின் மூலவைரஸ், டெல்லியில் நோய் ஏதும் இல்லாமல் இருந்த பச்சிளங்குழந்தைகளிடம் 1980-களில் கிடைத்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை அது சுமார் 56 சதவீதம் தடுத்தது. நூறு இல்லை, உண்மை. ஆனால் ட்ரிப்ஸ் ஏற்றியிருக்க வேண்டிய பிள்ளைகளில் பாதிக்கு மேல் வீட்டிலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு இதை இலவசமாகப் போடுகிறது. அடுத்த பிள்ளைக்கும் தவறாமல் போடுங்கள்.

அந்த சொட்டு மருந்தால குடல் செருகிக்கும்னு சொல்றாங்களே? (பேராவூரணி)

அமெரிக்காவில் முதலில் வந்த மருந்தை அந்தக் காரணத்துக்காகவே 1999-ல் திரும்பப் பெற்றார்கள். இப்போது போடுபவை வேறு. அந்த அபாயம் வருகிறதா என்று தொடர்ந்து கண்காணித்துத்தான் போடுகிறார்கள். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் இது வரக்கூடிய நோய். பிள்ளை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும், கொஞ்ச நேரம் அமைதியாகும், மறுபடி வீறிடும். வாந்தி, சோர்வு, சிவப்பு ஜெல்லி மாதிரி மலம். அன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சீக்கிரம் போனால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரிசெய்துவிடலாம்.

பேத்திக்கு ஒரு வயசு. வயித்தால போயி உச்சிக்குழி உள்வாங்கிருக்கு. தொக்கம் எடுத்தா சரியாயிடும்ங்குறாங்க. எடுக்கலாமா? (திருத்துறைப்பூண்டி, ஆச்சி)

ஆச்சி, உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தீர்களே, அது நாங்கள் கல்லூரியில் படித்த பாடம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்பதற்கு அது முக்கியமான அடையாளம். நீங்கள் கண்டது முழுக்கச் சரி. அதற்குத் தொக்கம் எடுப்பது மட்டும் வேண்டாம். வாயில் ஊதுவதும் வயிற்றை அமுக்கித் தடவுவதும் போன நீரைத் திருப்பித் தராது. அந்த அரை நாளில் பிள்ளை இன்னும் வற்றிவிடும்.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண் அளவில் கலக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, டீஸ்பூனால். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) மருந்து 14 நாள், பேதி நின்றாலும் நிறுத்தாமல். கண் குழிந்து, குடிக்கவே முடியாமல் துவண்டால், ஆறு மணி நேரமாக மூத்திரமே போகாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பேதியிலும் அது அடைபடுவதில்லை. அந்த ஜோடியின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகிறது. 1971-ல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவி, ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாயில் கலக்கி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது.

கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சாறு வாங்கிவிடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை அந்த மாதிரி பானங்களில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

10 மாசப் பிள்ளை. 15 நாளா பேதி விட்டு விட்டு வருது. என்ன ஆகாரம் குடுக்கலாம்? (திருவையாறு)

14 நாளைத் தாண்டினால் அது நீடித்த பேதி. எடையைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். ஆகாரத்துக்கு உங்கள் கொல்லையிலேயே பதில் நிற்கிறது. டாக்காவில் நீடித்த பேதியுள்ள 5 முதல் 12 மாதக் குழந்தைகளுக்குக் குழைந்த சோற்றில் வேகவைத்த வாழைக்காயை மசித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு. மூன்றாம் நாளில் வாழைக்காய் சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் குணம், வெறும் சோறு சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் புளிக்கிறது. அதில் உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கின்றன. இதே வழியை வேலூரில் ராமகிருஷ்ணா குழுவினர் காலராவில் 2000-த்திலேயே காட்டியிருந்தார்கள். மொந்தனைத் தோல் சீவி நன்றாக வேகவைத்து, நார் இல்லாமல் மசித்துக் கொடுங்கள். ஆறு மாதம் முடியாத பிள்ளைக்கு வேண்டாம்.

எங்க வீட்ல கல்யாணத்துக்குக் குடுத்த பித்தளைப் பால் பானை இருக்கு. பாப்பாவுக்கு அதுல பால் காய்ச்சுனா சத்துன்னு மாமியார் சொல்றாங்க. (கும்பகோணம்)

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் ஊரில் பாத்திரக் கடை இல்லாத தெரு குறைவு.

குலைக்கட்டி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வயிறு உப்பும், ஈரல் கல் மாதிரி கெட்டிப்படும், காமாலை வரும். பிழைத்தவர்கள் அபூர்வம். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மூன்று பிள்ளைகள் போனதும் உண்டு. சாபம், தோஷம் என்றெல்லாம் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளின் ஈரலில் தாமிரம் மிக அதிகமாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று புனே பக்கம் தேடியவர்கள், 1983-ல் அடுப்படியைக் காட்டினார்கள். மாட்டுப்பாலை ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சியும் வைத்திருந்தும் கொடுத்த வீடுகள். பாலில் உள்ள புரதம் தாமிரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். கைக்குழந்தையின் ஈரலுக்கு அதை வெளியேற்றத் தெம்பு கிடையாது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமில்லை. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலால் 1900 முதல் 1974 வரை 138 பிள்ளைகள் இதே மாதிரி இறந்தார்கள். பாத்திரம் மாறியது, நோய் மறைந்தது. இங்கே எவர்சில்வர் வந்த பிறகு நானே பாடப் புத்தகத்தில்தான் அதிகம் படித்தேன்.

இப்போது பழைய பாத்திரத்துக்குத் திரும்புவது நாகரிகமாகியிருப்பதால் எனக்குக் கவலை. பெரியவர்களுக்கு ஈயம் பூசிய பாத்திரத்தில் சமையுங்கள், பூசுகிறவர் காரீயம் கலக்காத வெள்ளீயம் போடுகிறாரா என்று கேட்டுக்கொண்டு. பாப்பாவின் பாலும் தண்ணீரும் எவர்சில்வரிலேயே இருக்கட்டும். மாமியாரிடம் குலைக்கட்டி என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவர்களுக்கே யாராவது ஞாபகம் வரும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற 3 மாசக் குழந்தை, 5 நாளா வெளிக்குப் போகல. வெத்தலைக் காம்பு வைக்கலாமா? (பாபநாசம்)

வேண்டாம். நன்றாகக் குடித்து, எடை ஏறி, வயிறு மெத்தென்று இருந்தால் ஒரு வாரம் போகாமல் இருப்பதும் இயல்பே. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை, அல்லது வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் கதை வேறு, உடனே காட்டுங்கள்.

குழந்தை பிறந்து 5 வாரம். கண்ணுல மஞ்சள் போகவே இல்ல. காலை வெயில்ல காட்டுறோம். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா இருக்கு. (நாகப்பட்டினம்)

இதைப் படித்ததும் கிளம்புங்கள். வெயில் போதாது. இரண்டு வாரம் தாண்டிய காமாலையோடு மலம் வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை பிடித்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். நேரடி பிலிருபின் (காமாலையில் கூடும் மஞ்சள் நிறமியின் ஒரு வகை) ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டும். ஜப்பானில் மோரியோ கசாய் வகுத்த அறுவை இதற்கு இருக்கிறது, அது 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். உங்களுக்கு மூன்று வாரம் கையில் இருக்கிறது.

தைவானில் மலத்தின் நிறம் காட்டும் அட்டையை 2004 முதல் ஒவ்வொரு தாயிடமும் கொடுக்கிறார்கள், நோயைக் கண்டுபிடிக்கும் நாள் முந்திவிட்டது. நம் தாய்சேய் நல அட்டையிலும் அப்படி ஒரு பக்கம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாட்டிகள் துணி அலசும்போது நிறம் பார்க்கிற ஊர் இது. எந்த நிறம் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

டெல்லியில் இருக்கிற பேரனுக்குக் கோதுமை ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே? (மயிலாடுதுறை, ஒரு தாத்தா)

ஐயா, அது சீலியாக் நோய். கோதுமையில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமல் சிறுகுடல் சுவர் கெடும் நோய். 2016-ல் வந்த ஆய்வில் அதற்கான எதிர்ப்புப் புரதம் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. மரபணுவில் அவ்வளவு வித்தியாசம் இல்லை, தட்டில்தான் வித்தியாசம். உங்கள் வம்சம் சோறு தின்றதால் வெளியே தெரியாமலே இருந்திருக்கலாம். இட்லி, சோறு, இடியாப்பம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பார்கள், அதைக் கவனியுங்கள்.

ஒரு ஆராய்ச்சிக்கு எங்க குழந்தையைச் சேர்க்கச் சொல்றாங்க. சோதனை எலி ஆக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு. (மன்னார்குடி, ஒரு அப்பா)

பயப்படுவதும் கேள்வி கேட்பதும் உங்கள் உரிமை தம்பி. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்டி விளக்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதித்ததா, மருந்துச் சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் குறையக் கூடாது. இதில் எதற்காவது மழுப்பினால் சேராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னால் யோசியுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் சொன்ன அந்த வேலூர் ஆய்வின் 373 வீட்டாரும் கதவைச் சாத்தியிருந்தால், மெக்சிகோ கணக்கை வைத்துத்தான் நம் பிள்ளைகளுக்கும் மருந்து போட்டுக்கொண்டிருப்போம். படிவத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், புரியாத வரி இருந்தால் நான் விளக்குகிறேன்.