19 ஆண்டு வாடகைதாரர், 14 மாத வாடகை பாக்கி: பூட்டுப் போடாமல் வீட்டை மீட்பது எப்படி?

கேள்வி: எனக்கு 74 வயது. கணவர் காலமாகிவிட்டார். மதுரையில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் 19 ஆண்டுகளாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய். 14 மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருப்பவரை யாரும் காலி பண்ண முடியாது” என்கிறார். முதல் வருடம் போட்ட 11 மாத ஒப்பந்தத்தைத் தவிர வேறு எழுத்து எதுவும் இல்லை. வீடு இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தப் பன்னிரண்டு வருடப் பயத்தை முதலில் விடுங்கள். வாடகைக்கு வந்தவர் உங்கள் அனுமதியின் பேரில் குடியிருப்பவர். 19 ஆண்டு ஆனாலும், 40 ஆண்டு ஆனாலும் அவர் வாடகைதாரர்தான். குடிவந்தபோது யாரை வீட்டு உரிமையாளராக ஏற்றுக்கொண்டாரோ, அவருடைய உரிமையை வாடகைதாரராக இருந்துகொண்டே மறுத்துப் பேச சாட்சியச் சட்டம் அவரை விடாது. காலக்கெடு உங்களுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகை பாக்கியை அது சேர வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் கேட்க வேண்டும். 14 மாதமும் இப்போது உயிரோடு இருக்கின்றன. “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இன்னும் இரண்டு வருடம் போனால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

கோபத்தில் பலர் செய்வது, மின்சாரத்தைத் துண்டிப்பது, மோட்டாரை நிறுத்துவது, அவர் வெளியே போன நேரத்தில் பூட்டுப் போடுவது. இதில் எதையும் செய்யாதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அத்தியாவசிய வசதிகளைத் தடுப்பதைத் தடை செய்கிறது. மறுநாளே அவர் புகார்தாரர், நீங்கள் எதிர்மனுதாரர் என்று நிலைமை திரும்பிவிடும். போலீஸ் நிலையத்துக்குப் போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்தச் சட்டம் பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளையும் உறவினர்களையும் பற்றியது; வாடகைதாரருக்குப் பொருந்தாது. மனு நாளில் கலெக்டர் அலுவலக வரிசையில் நிற்கும் அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் வழக்கு போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். 1960-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017 சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21(2) பிரிவில் காலி செய்யக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. உங்களுக்கு இரண்டு பொருந்தும். ஒன்று, இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாமல் இருப்பது. மற்றொன்று, சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தம் இரு தரப்புக்கும் இடையில் ஏற்படாமல் போனது. இரண்டையும் சேர்த்தே வையுங்கள். பாக்கியை மட்டும் காரணமாகக் காட்டினால், அவர் ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டு அந்தக் காரணத்தை இல்லாமல் செய்துவிட முடியும்.

எல்லாம் அந்த முதல் நோட்டீஸில்தான் நிற்கிறது. ஆத்திரத்தைக் கொட்டாமல் கணக்கை மட்டும் எழுதுங்கள். நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

“மேற்படி கீழ்த்தளத்தில் மாதம் ரூ.9,000 வாடகைக்குக் குடியிருந்து வரும் தாங்கள், இணைப்பில் மாதவாரியாகக் கண்டுள்ள 14 மாத வாடகையான ரூ.1,26,000-ஐச் செலுத்தவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் அத்தொகை முழுவதையும் செலுத்தக் கோருகிறேன். தங்கள் முன்பணம் ரூ.60,000 என்னிடம் உள்ளது. வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்கும்போது நிலுவை போக அது கணக்குத் தீர்க்கப்படும். மேலும் 2017 சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தங்களை அழைக்கிறேன்.”

அட்வான்ஸை மறைக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்தால் அவருடைய வழக்கறிஞர் பிடிக்கும் முதல் நூல் அதுவாகத்தான் இருக்கும். அது வீட்டை ஒப்படைக்கும்வரை இருக்கும் பாதுகாப்புத் தொகை. உள்ளே இருந்துகொண்டே வாடகையாகக் கழிக்கச் சொல்வதற்கு அது பதிலாகாது. ஒப்புக்கொள்ளாத வாடகை உயர்வு, எழுத்தில் இல்லாத வட்டி, பெயின்ட் செலவு ஆகியவற்றை இந்தத் தொகையில் சேர்க்காதீர்கள். கேட்ட தொகையே தகராறானால் நோட்டீஸின் பலம் போய்விடும்.

நோட்டீஸை ஒப்புகைச் சீட்டுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாங்க மறுத்தால், தபால்காரர் “வாங்க மறுத்தார்” என்று எழுதிய கவர் உங்களிடம் திரும்பி வரும். அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள். ஒட்டிய ஓரம், தபால் முத்திரை, மறுப்புக் குறிப்பு எல்லாம் அப்படியே இருக்கும்படி பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பி அவர் மறுத்தார் என்றால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸ் போன பிறகு ஜிபேயில் திடீரென்று 9,000 ரூபாய் வரும், “இந்த மாத வாடகை” என்ற குறிப்போடு. திருப்பி அனுப்ப வேண்டாம். வாடகையை வாங்க மறுத்ததாக உங்கள் மேல் பழி வரும். அவர் வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றே வாட்ஸ்அப்பில் “ரூ.9,000 வரவு. முந்தைய 14 மாத நிலுவை அப்படியே உள்ளது. என் நோட்டீஸில் உள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்” என்று பதில் போடுங்கள்.

வாடகையைக் கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால் அவர் வாடகைதாரர் என்பதையே நிரூபிக்க வேண்டிவரும். பழைய 11 மாத ஒப்பந்தம், வங்கிப் பாஸ்புக் வரவுகள், “அடுத்த மாதம் தருகிறேன்” என்ற அவருடைய வாய்ஸ் மெசேஜ், உங்கள் முகவரியில் அவர் எடுத்த கேஸ் இணைப்பு எல்லாம் உதவும். செல்போனில் உள்ளவற்றை அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். அந்த வேலையை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

வீடு கணவர் பெயரில் இருப்பது தடையல்ல. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இருந்தால் வாரிசு என்ற முறையில் நீங்கள் வழக்குத் தொடரலாம். பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. போடாவிட்டாலும் கூட்டு உரிமையாளர் ஒருவர் மட்டுமே மனுச் செய்யலாம். சொத்துவரி, மின் இணைப்புப் பெயர் மாற்றங்களையும் கையோடு முடித்துவிடுங்கள்.

நீதிமன்றத்துக்கு அலைய முடியாது என்று மகனுக்கோ மகளுக்கோ பவர் எழுதித் தருவது வழக்கம். மனுத் தாக்கல் செய்ய, வாய்தாக்களுக்குப் போக அது போதும். ஆனால் உங்களுக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த விஷயங்களைப் பவர் வாங்கியவர் உங்கள் இடத்தில் நின்று சாட்சியமாகச் சொல்ல முடியாது. எத்தனை வழக்குகள் இந்த ஒரு இடத்தில் தடுமாறியிருக்கின்றன! வாடகை பேசியது நீங்களா, கணவரா, மாதாமாதம் வாங்கியது யார் என்று முதலிலேயே எழுதி வையுங்கள். நீங்கள்தான் என்றால் உங்கள் சாட்சியம் பிரமாணப் பத்திரமாகப் போகட்டும். குறுக்கு விசாரணைக்கு வர உடம்பு இடம் கொடுக்காவிட்டால், மருத்துவச் சான்றிதழுடன், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வீட்டுக்கே வந்து சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று மனுப் போடலாம். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

உத்தரவு கிடைத்தும் அவர் போகாவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு, நீதிமன்ற அமீனா மூலம்தான் வீட்டை எடுக்க வேண்டும். நடுவில் அவரே சமரசத்துக்கு வந்தால், பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது வீட்டை வாங்கிக்கொள்வது உங்கள் வயதுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து. வழக்கு நடக்கும்போது என்றால் அதை நீதிமன்றத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். அட்வான்ஸ் போக 66,000 ரூபாய்தான் நிலுவை. சாவி வாங்கும் நாளில் அறைகளைச் செல்போனில் படம் எடுத்து, மின் மீட்டர் அளவைக் குறித்து, “காலி சுவாதீனம் ஒப்படைத்தேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று அவரிடம் எழுதி வாங்கி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்துப் பெறுங்கள். ஒரு அறையில் “நாலு சாமான் மட்டும் இருக்கட்டும்” என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்த அறையை மீட்க மறுபடி இன்னொரு வழக்குப் போட வேண்டிவரும்.