நாய்க்குக் கருத்தடை: ஊசியா, சத்திரசிகிச்சையா?

கேள்வி: எங்கள் பெட்டை நாய்க்கு ஐந்து வயது. குட்டி போடாமலிருக்க வருசா வருசம் ஊசி போடுவிக்கிறோம். வேட்கைக்கு வந்து ஆறு கிழமை ஆகிறது. இப்போது சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறது, மீன் போட்ட சோற்றைக்கூட மணந்து பார்த்துவிட்டுப் போகிறது. கச்சான் காற்றின் வெக்கைதான் காரணமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வெக்கை என்று இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வேட்கை முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தாகமும் பசியின்மையும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறதா என்பதைத்தான்.

சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஒவ்வொரு வேட்கைக்குப் பிறகும் சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்டரோன் என்ற ஓமோன் நாயின் உடம்பில் கூடுதலாக இருக்கும். கருப்பையின் உட்சுவர் தடித்து நீர் சுரக்கும், வாய் மூடிக்கொள்ளும். வாய் திறந்திருந்த நாட்களில் உள்ளே போன ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு அது நல்ல விளைநிலம். நீங்கள் போடுவிக்கும் ஊசியிலும் இதே வகை ஓமோன்தான் இருக்கிறது. சீழ் கட்டவும் மடியில் கட்டி வரவும் அதுவே வழி செய்கிறது. அந்த ஊசியை இனிப் போடுவிக்கவே வேண்டாம்.

வாலுக்கடியில் மண்ணிறமாக, நாற்றத்தோடு வடிந்தால் கண்ணில் படும். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றும் வடியாது, வயிறு மட்டும் ஊதும். இதுதான் கூடுதல் ஆபத்து. கிருமி நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால்தான் அந்தத் தாகம். சேலைன் ஏற்றி, கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிடுவதே நம்பகமான வைத்தியம். முதல் வேட்கைக்கு முன்னர், ஆறு மாதமளவில், சுகமான குட்டிக்குச் செய்தால் இதே சத்திரசிகிச்சை எவ்வளவோ இலேசு. மடிக் கட்டியும் மிக அரிதாகிவிடும்.

கேள்வி: கடுவனுக்கும் செய்ய வேண்டுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தெருவில் திரியும் கடுவனென்றால் கட்டாயம். இணையும்போது தொற்றும் ஒரு கட்டி இருக்கிறது. பூக்கோவா மாதிரி, தொட்டால் இரத்தம் கசியும். அதற்கு வின்கிறிஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து ஊசியைக் கிழமைக்கு ஒன்றாகப் பல கிழமை ஏற்ற வேண்டும். விதையை எடுத்தால் விதைப் புற்று வராது, வயதில் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி மலம் கழிக்க முக்குவதும் இல்லை. ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் அதையும் தேடி எடுக்க வேண்டும், அதில் புற்று வரும் வாய்ப்புக் கூட. ஜேர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனமென்றால், எலும்பு வளர்ந்து முடிய ஒரு வயது தாண்டட்டும்.

கேள்வி: முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, திருக்கோவில்

பதில்: உண்ணி இருந்த நாய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலில் இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் வெட்டிய இடத்தில் இரத்தம் நிற்காது. வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் 10 முதல் 14 நாள், காயத்தை நக்காமலிருக்கப் போடும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், ஓடவிடாதீர்கள். மாரியில் ஈரமணலில் படுக்கவிட்டால் தையலில் சீழ் பிடிக்கும், காய்ந்த சாக்கு விரியுங்கள். நோவுக்கு வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுக்க வேண்டாம், வைத்தியர் தந்த மருந்து மட்டும். காயம் ஆறிய பிறகு சோற்றில் கால்வாசியைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் கொழுத்துவிடும்.